சென்னையைச் சுற்றி, பாறை பார்த்துப் போகும் சைக்கிள் வழிகள்: வழியில் யாரைச் சந்தித்தீர்கள்?

பல்லாவரத்திலிருந்து

வார நாளில் வேலை, ஞாயிறு விடிந்தால் சைக்கிள். பத்து வருடமாக இப்படித்தான் போகிறது. ஆரம்பத்தில் எல்லோரையும் போல ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை ஓட்டி, இட்லி சாப்பிட்டுத் திரும்புவேன். இப்போது அந்தச் சாலையில் வண்டிகள் போகிற வேகத்துக்கு விடியற்காலையில்கூட நிம்மதி இல்லை. அதனால் கடலுக்கு முதுகைக் காட்டி வடமேற்கே போகத் தொடங்கினேன். குன்றத்தூர், திருமழிசை, திருவள்ளூர், பூண்டி. திருவள்ளூர் தாண்டும்வரை லாரி நெரிசல்தான். பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டிச் சீத்தஞ்சேரிப் பக்கம் திரும்பியதும் எல்லாம் அடங்கிவிடும். நம் செயின் ஓடுகிற சத்தம் நமக்கே கேட்கும்.

நான் அந்த வழியைப் பிடித்ததற்குக் காரணம் ஒரு கல். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் எங்கள் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்ததற்கான தேடல் அங்கிருந்துதான் சூடு பிடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அதிரம்பாக்கத்தில் இன்னும் பல கிடைத்தன. பின்னாளில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்து, சில கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியிட்டார்கள். எனக்கு உறுத்தியது வேறு விஷயம். ஃபூட் எடுத்த கோடரி குவார்ட்சைட் என்ற கல்லில் செய்தது, மணற்கல் இறுகி மாறிய கெட்டிப் பாறை அது. எங்கள் ஊர்க் குன்றோ சார்னோகைட், அதாவது நாம் கருங்கல் என்று சொல்லும் வகை. அப்படியானால் அந்தக் கோடரிக் கல்லை எங்கே பார்ப்பது? பூண்டிக்கு அப்பால் என்றார்கள். கிளம்பிவிட்டேன்.

சீத்தஞ்சேரி தாண்டிக் குடியம் போகிற கிளைச்சாலையில் சீமைக்கருவேல முள் ஏறி முன்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. ட்யூப் மாற்றிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"எங்கேர்ந்து தம்பி?"

"பல்லாவரம் ஐயா."

"சைக்கிள்லயா? பஸ்ஸு இருக்குதே!"

கல் பார்க்க வந்தேன் என்றதும் அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் ஓடைக்கரையிலிருந்து முட்டை வடிவில் இரண்டு வெங்கச்சாங்கல்லைப் பொறுக்கி வந்தார். தன் துண்டை எடுத்து என் தலையையும் கையையும் சேர்த்து மூடச் சொல்லி, உள்ளே வைத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். கல்லுக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு வெளிச்சம் மின்னி மறைந்தது. கருகின வாடையும் வந்தது. வெங்கச்சாங்கல், அதாவது குவார்ட்ஸ், உரசும்போது அப்படி ஒளிவிடும் என்று எப்போதோ படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். "சின்னப் பையனா இருக்கச்சே ராத்திரி மாட்டுக் கொட்டாயில இதான் எங்க ஆட்டம்" என்றார்.

வண்டியைக் குடியம் ஊரில் ஒரு வீட்டு வாசலில் விட்டுவிட்டு, அவரோடு காட்டுப் பாதையில் குடியம் குகைக்கு நடந்தேன். முட்புதர் வழி, மணிக்கணக்கில் வெயில். இரண்டு லிட்டர் தண்ணீர் போதவில்லை. குகை என்கிறார்களே தவிர, பெரிய பாறைத் தாழ்வாரம் என்றால் பொருந்தும். அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கக் கூழாங்கல். தேங்காய் அளவில், எலுமிச்சை அளவில், ஆயிரக்கணக்கில், யாரோ காரையில் பதித்தது மாதிரி. பழைய காலத்து வெள்ளம் உருட்டிவந்து கொட்டி, நாளடைவில் இறுகின கற்கள். அதில் நிறைய குவார்ட்சைட். இந்த மலைகளிலிருந்து உதிர்ந்த கற்கள்தான் ஓடையில் புரண்டு, கீழே கருவி செய்தவர்கள் கைக்குப் போயிருக்கின்றன. பல்லாவரத்தில் ஆரம்பித்த என் கேள்விக்குப் பதில் அந்தக் கூரையில் இருந்தது. நெடுநேரம் எழுந்து வர மனம் வரவில்லை. பெரியவர்தான் "தேன்கூடு இருக்குது, சத்தம் போடாம வா" என்று இழுத்து வந்தார்.

வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள், தனியாக வேண்டாம். திரும்பும் வழியில் பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. அதிரம்பாக்கத்துக் கருவிகளைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். நிலத்தில் கிடப்பதை எடுக்காதீர்கள்.

உங்கள் வழிகளையும், அங்கே யாரைச் சந்தித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

தாம்பரத்திலிருந்து

எங்கள் வழி தெற்கே. நானும் என் அக்காவும் போன மார்கழியில் மதுராந்தகம், வந்தவாசி, தேசூர் வழியாகச் செஞ்சி போனோம். திண்டிவனம் நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் சேரலாம், ஆனால் காதில் ஹாரனைத் தவிர ஒன்றும் விழாது. வந்தவாசிக்குப் பிறகு ஏரிக்கரை, நெல்வயல், மல்லாட்டை (வேர்க்கடலை) போட்ட கொல்லை என்று மாறி மாறி வரும். செஞ்சி நெருங்க நெருங்கப் பாறைகள் குவியத் தொடங்கும். வீடு அளவுக்கு உருண்டை உருண்டையாக, ஒன்றின் மேல் ஒன்று, இப்போது விழுமோ பிறகு விழுமோ என்பதுபோல நிற்கும்.

ஒரு கொல்லை ஓரம் தண்ணீர் கேட்க நின்றோம். மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாக்கள் நான்கைந்து பேர் எங்களை வரப்பில் உட்காரவைத்து, பச்சை மல்லாட்டையை மடி நிறையக் கொட்டினார்கள். இத்தனை கல்லை யார் அடுக்கியது என்று அக்கா சும்மா கேட்டாள். வயதில் மூத்தவர் சொன்னார்: "யாரும் அடுக்கலம்மா. அது வளருது. எங்க மாமியார் காலத்துல அந்தக் கல்லு இவ்ளோ வெளிய தெரியாதாம்."

கேட்டபோது கதை என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து படித்தபோது உடம்பு சிலிர்த்தது. பாறை மண்ணுக்குள் இருக்கும்போதே வெடிப்பு வழியாக நீர் இறங்கி, மூலைகளைத் தின்று, துண்டுகளை உருண்டையாக்கிவிடுகிறது. பிறகு மழை மண்ணை அரித்துக்கொண்டு போக, உருண்டைகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிகின்றன. மண் இறங்குவதை அவர் கல் வளர்வதாகச் சொல்கிறார். ஒரே கொல்லையை ஆயுள் முழுக்கப் பார்த்தவருக்குத் தெரிந்த விஷயம் அது.

செஞ்சி போகிறவர்கள் கோட்டையோடு திரும்பிவிடாமல் திருநாதர்குன்றுக்கும் போங்கள். ஒரு பெரும்பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய பழைய கல்வெட்டும் அங்கே உண்டு. நாங்கள் போனபோது எங்களைத் தவிர யாரும் இல்லை. அக்கா அந்தப் பாறையில் சாய்ந்து அரை மணி நேரம் தூங்கிவிட்டாள்.

விழுப்புரம் சொந்த ஊர், இப்போது வேளச்சேரி

செஞ்சி வரை வந்தவர்கள் திருவக்கரையை விட்டுவிட்டீர்களே! சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கிற இடம். சில அடிமரங்கள் 30 மீட்டர் நீளம் வரை. அங்கே காவலுக்கு இருந்த அண்ணன் எனக்குக் காட்டியது இதுதான்: "கிளையும் வேரும் ஏதாவது இருக்கா பாருங்க." தேடிப் பார்த்தேன், இல்லை. இவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தவை என்பதற்கு அதுதான் அடையாளம். பட்டையின் கோடுகூடத் தெரியும், தொட்டால் கல். ஒரு சில்லுகூட எடுத்துவராதீர்கள், அந்த அண்ணன் அதற்காகவே நாள் முழுக்க வெயிலில் நடக்கிறார்.

அம்பத்தூரிலிருந்து

எனக்கு நாகலாபுரம் வழி. ஊத்துக்கோட்டை தாண்டினால் ஆந்திரா. சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவனைக் கும்பிட்டுவிட்டு, நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர். சாலை மேடு பள்ளமாகப் போகும், கால் நோகாது. இடப்பக்கமும் வலப்பக்கமும் மலை, அடிவாரம் சரிவாகவும் உச்சி சுவர் மாதிரி செங்குத்தாகவும் இருக்கும். மாலை வெயில் விழுந்தால் அந்தச் சுவர் செங்கல் நிறமாகிவிடும். கீழே பழைய கிரானைட் வகைப் பாறை, மேலே உட்கார்ந்திருப்பது நகரி குவார்ட்சைட். இரண்டுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய பல கோடி ஆண்டுக் காலத்துப் பாறை அங்கே இல்லை. திருமலைச் சாலையில் இரு பாறைகளும் சந்திக்கும் அந்த எல்லைக்கோட்டைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள். அங்கே விடுபட்ட காலம் 50 கோடி ஆண்டுக்கும் மேல்.

பிச்சாட்டூர் அருகே என் பின் டயர் கிழிந்துவிட்டது. இருட்டுகிற நேரம். லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடைக்காரர் பழைய ட்யூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தார். பாதி தெலுங்கு, பாதி தமிழ். காசு வாங்கவில்லை. அந்த டயரில்தான் அம்பத்தூர் வரை வந்தேன். அதன் பிறகு மூன்று முறை அந்த வழியில் போனேன், ஒவ்வொரு முறையும் அவருக்கு மெட்ராஸ் மிக்சர் ஒரு கிலோ.

ஏலகிரியும் போயிருக்கிறேன், 14 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதற்கு அருமை, ஆனால் விடுமுறை நாளில் கார் கூட்டம். வார நாளில் போங்கள்.

மறுபடியும் பல்லாவரம்

எல்லோருக்கும் நன்றி. மல்லாட்டை அம்மா சொன்னதை நாலு முறை படித்துவிட்டேன்.

பன்னிரண்டு வயது மகனோடு எங்கே தொடங்கலாம் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பரங்கிமலை. தூரமே இல்லை, ஏற்றம் சின்னது. அந்தப் பாறையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் போட்ட கல் நம் பக்கத்திலிருந்து போனது. அதைப் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் ஆராய்ந்து எழுதினார், சார்னோக்கின் பெயரால்தான் உலகமெங்கும் இந்தக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டு. புதிதாக உடைந்த முகம் எண்ணெய் தடவினது மாதிரி நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருக்கும். பையனைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்குவாரிச் சாலைகளில் வார நாளில் போகவேண்டாம், டிப்பர் லாரிகள் நிற்காமல் ஓடும். ஒரு ட்யூபுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். மாசிக்குப் பிறகு பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள்.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு மறுபடியும் குடியம் போகிறேன். பெரியவருக்கு ஒரு டார்ச் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் காலை எட்டு மணிக்குப் பூண்டி அருங்காட்சியக வாசலுக்கு வந்துவிடுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர்.