கைதியின் மேல்முறையீட்டுக்கு 605 டாலர் தள்ளுபடி ஏன்?

தறிக்காரன்: அமெரிக்காவுல ஃபெடரல் (மத்திய அரசு) கைதி தண்டனையை எதிர்த்து 2255-ங்கிற சட்டப் பிரிவுல மனு போட்டா கட்டணமே கிடையாது. ஹேபியஸ் மனுன்னா, அதாவது சிறையில வெச்சிருக்கறதே சட்டவிரோதம்னு போடுற மனுன்னா, வெறும் 5 டாலர். அந்த மனுவை கோர்ட் நிராகரிச்சதும் மேல்முறையீடு, அதுக்குக் கட்டணம் 605 டாலர். "கையில காசில்லை"ன்னு எழுதிக் கொடுத்தா அதையும் விட்டுடறாங்க. வரி கட்டுறவன் இளிச்சவாயனா?

வைகைக்கரை: இப்படி எழுத எப்படி மனசு வருது? ஃபெடரல் சிறையில் சாதாரண வேலைக்கு மணிக்கு 12 சென்ட்டிலிருந்து 40 சென்ட் வரைதான் கூலி. 12 சென்ட் வாங்குகிறவர் 605 டாலர் சேர்க்க 5,000 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். மேல்முறையீட்டுக் கெடு அதுவரை காத்திருக்குமா?

தறிக்காரன்: ஒரே நாள்ல கட்டச் சொல்லலையே. கைதிங்க போடுற வழக்குகளுக்கான 1996 சட்டத்துல தவணை இருக்கு, மாச வரவுல 20 சதவீதம். 605-ஐயும் அப்படிக் கட்டட்டும்.

வைகைக்கரை: அது சிறை நிலைமையை எதிர்த்துப் போடும் சிவில் வழக்குகளுக்கான தவணை. ஹேபியஸ், 2255 மேல்முறையீடுகளுக்குப் பொருந்தாது என்று பல சர்க்யூட் நீதிமன்றங்கள் (ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள்) சொல்லிவிட்டன. பாதிச் சட்டத்தைப் படித்துவிட்டு வாதாட வராதீர்கள்.

தறிக்காரன்: அப்போ இன்னும் மோசம்! சிறைச் சாப்பாடு சரியில்லைன்னு வழக்குப் போடுறவன் தவணையில கட்டணும், கொள்ளையடிச்சவனுக்கு 605 டாலர் மன்னிப்பா?

வடக்குமாசி: கேட்டவுடனே தூக்கிக் கொடுக்கிறதில்லைங்க. நல்லெண்ணத்தோட போட்ட மேல்முறையீடு இல்லைன்னு மாவட்ட நீதிமன்றம் எழுதிட்டா அங்க கட்டணத் தள்ளுபடி கிடையாது. அப்புறம் 30 நாளுக்குள்ள மேல்நீதிமன்றத்துல கேட்கணும். மேல்முறையீட்டுக்கே தனி அனுமதிச் சான்றும் வாங்கணும்.

தறிக்காரன்: சான்று கிடக்கட்டும். 605 டாலர் யார் தலையில?

பனங்காடு: 605 இல்லை, 505. நான் பார்த்திருக்கேன்.

வைகைக்கரை: 505 பழைய கணக்கு. 2023 டிசம்பரில் 605 ஆக்கினார்கள்.

பனங்காடு: எல்லாத்தையும் நீங்களே சொல்லணுமா? நீங்க என்ன வக்கீலா? போன தடவை ஜாமீன் பத்தி ஒரு கேள்வி கேட்டேன், பதிலே காணோம்.

வைகைக்கரை: ஜாமீனை இங்கே இழுக்காதீர்கள். ஒஹாயோ மாநிலத்தில் 20 டாலர் இல்லாததால் ஒருவரின் மேல்முறையீட்டை வாங்க மறுத்தார்கள். அது தவறு என்றது 1959-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம். 1961-இல் அயோவா மாநில வழக்கு, ஹேபியஸ் மனுவுக்கு வெறும் 4 டாலர். அதற்கும் அதே தீர்ப்பு. 20 டாலரும் 4 டாலரும் கதவை அடைக்கக் கூடாதென்றால் 605 மட்டும் அடைக்கலாமா? தறிக்காரன், இதற்குப் பதில் சொல்லுங்கள்.

தறிக்காரன்: அது அந்தக் காலத்து 4 டாலர். நான் கேக்குறது 605.

வடக்குமாசி: தொகை கூடக் கூட ஏழைக்குக் கஷ்டம் கூடத்தானே செய்யும்?

தறிக்காரன்: நீங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி. பாதிக்கப்பட்ட குடும்பம் கோர்ட்டுக்கு அலையுற பஸ் காசை யார் தர்றா?

வைகைக்கரை: அந்தக் குடும்பத்துக்கு உதவி வேண்டும் என்று தனியாக எழுதுங்கள், முதல் ஆளாக ஆதரிக்கிறேன். மேல்முறையீட்டை 605 டாலரால் அடைத்தால் அவர்களுக்கு ஒரு சென்ட் கூடக் கிடைக்காது. 4 டாலர் தீர்ப்புக்கு இன்னும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை.

பனங்காடு: என் ஜாமீன் கேள்விக்கும்தான் வரலை.