பாஸாவ் – புடாபெஸ்ட் ஆற்றுக் கப்பல்: மிச்சமிருக்கும் 5 நாளை எந்த ஊரில் வைப்பது?

குன்னூர்_மேல்வீதி கேட்டது:

வணக்கம். அப்பாவுக்கு 69, அம்மாவுக்கு 64. செப்டம்பர் கடைசி வாரம் டான்யூப் ஆற்றில் ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை 7 ராத்திரி கப்பல் பார்த்து வைத்திருக்கிறோம். அது போக 5 நாள் கையில் இருக்கு. கப்பலுக்கு முன்னால் செக் நாட்டின் பிராக் 3 நாள், முடிந்ததும் புடாபெஸ்ட் 2 நாள் என்று ஏஜென்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். சரிதானா? ஷெங்கன் விசா (ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) எந்த நாட்டுக்குப் போடுவது? அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருகிறவர், கப்பல் ஒத்துக்குமா? அப்பாவுக்கு முட்டி வலி.

கேத்தி_பள்ளத்தாக்கு:

எலுமிச்சம்பழம் வேண்டாங்க. ஆற்றுக் கப்பல் கடல் கப்பல் மாதிரி ஆடாது. பூட்டுத் தொட்டிக்குள் (அணை இருக்கிற இடத்துல கப்பலை ஏத்தி இறக்குற தண்ணீர்த் தொட்டி) நுழையும்போது சுவரில் லேசா ஒரு இடி இடிக்கும், அவ்வளவுதான்.

ஏஜென்ட் திட்டத்தில் ரெண்டு கோளாறு இருக்கு. பிராக் டான்யூப் கரையிலேயே இல்லை. அங்கிருந்து பாஸாவுக்கு ரயில்னா லின்ஸில் மாறணும், பாதி நாள் போயிடும். முட்டி வலியோட, பெட்டியைத் தூக்கிக்கிட்டு, கப்பல் ஏறுற அன்னைக்கே அதைச் செய்யக்கூடாது. அடுத்தது புடாபெஸ்ட். பெரும்பாலான கப்பல் கடைசி ராத்திரி அங்கேதான் நிற்கும், அதுவும் சங்கிலிப் பாலத்துக்குப் பக்கத்துல, நடு ஊர்ல. கப்பலே ராத்திரி தங்குற ஊருக்குத் தனியா ஓட்டல் காசு எதுக்கு? பயண நிரலில் வந்து சேரும் நேரம், கிளம்பும் நேரம் ரெண்டையும் பாருங்க.

நான்னா இப்படிப் போடுவேன். மியூனிக்கில் இறங்கி நேரா பாஸாவ் போய் 2 ராத்திரி. தூக்கக் கலக்கம் அங்கே தெளியட்டும், விமானம் ஒரு நாள் தாமதமானாலும் கப்பல் போயிடாது. கப்பல் முடிஞ்ச அன்னைக்குக் காலை 9 மணிக்குள்ள இறக்கி விட்டுடுவாங்க. புடாபெஸ்ட் கெலெட்டி நிலையத்திலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னாவுக்கு நேரடி ரயில் இருக்கு, 2 மணி 40 நிமிஷம். வியன்னாவில் 3 ராத்திரி தங்கி அங்கிருந்தே ஊர் திரும்பலாம். கப்பல் வியன்னாவில் நிற்கிற நேரத்துல பழைய நகரம் மட்டும்தான் முடியும், ஷோன்புருன் அரண்மனைக்கே அரை நாள் வேணும்.

மியூனிக்கில் மட்டும் தங்காதீங்க. செப்டம்பர் 15-க்கு அடுத்து வர்ற சனிக்கிழமை அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழா ஆரம்பிச்சிடும். ஓட்டல் விலை மே மாசத்து ஊட்டியைத் தூக்கிச் சாப்பிட்டுடும்.

லவ்டேல்_லெட்ஜர்:

விசாவுக்கு ஒரே விதி: எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாடு. சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கப்பல் நிற்கும் ராத்திரிகளும் கணக்கில் சேரும். 7 ராத்திரியை ஜெர்மனி 1, ஆஸ்திரியா 3, ஸ்லோவாக்கியா 1, ஹங்கேரி 2 என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் கப்பலின் நிரலை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்). ஏஜென்ட் திட்டப்படி ஹங்கேரி 4, செக் 3, ஆஸ்திரியா 3. ஹங்கேரிக்குப் போட வேண்டும். மேலே நண்பர் சொன்னபடி என்றால் ஆஸ்திரியா 6, ஜெர்மனி 3, ஹங்கேரி 2. சந்தேகமே இல்லாமல் ஆஸ்திரியா. ஒரு ராத்திரியை இங்கிருந்து அங்கே மாற்றினால் தூதரகமே மாறிவிடும். ஆகவே ஊர்களை முடிவு செய்த பிறகுதான் விண்ணப்பம். முன்னே விசா, பின்னே ஓட்டல் என்று போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. 15 நாளை நம்பாதீர்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, வீடு திரும்பும் நாள் வரை இருக்க வேண்டும். கப்பல் நிறுவனத்திடம் ஒவ்வொரு ராத்திரியும் எந்தத் துறை என்று தேதி போட்ட கடிதம் கேட்டு வாங்குங்கள். வெறும் பணம் கட்டிய ரசீது போதாது. கைரேகை கொடுக்க நேரில்தான் போக வேண்டும். சென்னை மையம் கிடைத்தால் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, மறுநாள் முற்பகல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். 59 மாதத்துக்குள் முன்பே ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்வார்கள்.

வெளிநாட்டுப் பயணப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும்போதே பிடிக்கும் வரியான டி.சி.எஸ். தொலைந்த பணம் இல்லை, அப்பாவின் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பணம் கட்டுவது யார் பான் எண்ணில் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்.

குன்னூர்_மேல்வீதி:

ரொம்ப நன்றி, ரெண்டு பேருக்கும். அப்போ பிராக் வேண்டாம், வியன்னாதான். கீழ்த்தள அறை எடுத்தால் நிறைய மிச்சமாகும் என்கிறார்கள், எடுக்கலாமா? செப்டம்பரில் தண்ணீர் குறைந்து கப்பல் ஓடாதாமே?

கோத்தகிரி_டானிங்டன்:

அப்பாவுக்கு முட்டி வலின்னா கீழ்த்தளம் வேண்டாம் தம்பி. நிறையக் கப்பல்ல லிஃப்ட் கீழ்த்தளம் வரை இறங்காது, மொட்டைத் தளத்துக்கும் ஏறாது. கீழ ஜன்னல் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, திறக்கவும் முடியாது. நடுத்தளத்துல, கப்பலோட நடுப்பகுதியில அறை கேளுங்க. பின்பக்கம்னா இயந்திர இரைச்சல், முன்பக்கம்னா ராத்திரி பூட்டுத் தொட்டி இடி. பால்கனிக்குன்னு அதிகமாக் கொட்டிக் கொடுக்காதீங்க. துறையில ரெண்டு மூணு கப்பலை ஒட்டி ஒட்டிக் கட்டுவாங்க, திரைச்சீலையை விலக்கினா எதிர்க்கப்பல்காரர் பல் தேய்க்கிறதுதான் தெரியும். கரைக்குப் போகவும் பக்கத்துக் கப்பல் வழியா, சில நேரம் மொட்டைத் தளம் வரை படி ஏறி இறங்கணும். மடக்குக் கைத்தடி ஒண்ணு எடுத்துக்கோங்க.

தண்ணி விஷயம். டான்யூப்ல அடிக்கடி மாட்டுற இடம் ஜெர்மனியில ஷ்ட்ராவ்பிங்குக்கும் வில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவுல, அணை கட்டித் தேக்காத பகுதி. அது பாஸாவுக்கு மேல இருக்கு. நீங்க பாஸாவ்லேர்ந்து கீழ போறதால பெரிய தொல்லை தப்பிச்சுது. ஆனா ஆஸ்திரியாவுல வாஹாவ் பள்ளத்தாக்கும், வியன்னாவுக்குக் கிழக்கேயும் ஆறு அப்படியே விட்டபடிதான் ஓடுது, ரொம்ப வறண்டா அங்கேயும் சிக்கல் வரலாம். வெள்ளமும் உண்டு. 2024 செப்டம்பர்ல மழை கொட்டி ஆஸ்திரியாவுல கப்பலெல்லாம் நின்னுபோச்சு. அப்படி ஆனா பஸ்ல கூட்டிட்டுப் போவாங்க, இல்ல வேற கப்பலுக்கு மாத்துவாங்க. நிரலை மாத்துற உரிமை ஒப்பந்தத்துல அவங்க கையில இருக்கும், காசு திரும்ப வரும்னு எதிர்பார்க்காதீங்க. மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவுல அந்த 36 கிலோமீட்டர் வாஹாவைப் பகல்லதான் கடக்குதான்னு மட்டும் இப்பவே கேட்டுடுங்க. திராட்சைத் தோட்டமெல்லாம் நம்ம தேயிலைச் சரிவு மாதிரியே கல் அடுக்கிப் படிபடியா இருக்கும். அதை இருட்டுல கடந்தா என்ன பிரயோஜனம்?

அம்மா சாப்பாட்டுக்கு "சைவம்"னு மட்டும் எழுதிக் கொடுத்தா மீனும் முட்டையும் வந்துடும். "மீன், முட்டை, இறைச்சி கொதிக்க வெச்ச தண்ணி எதுவும் கூடாது"ன்னு ஒரு மாசம் முன்னாடியே எழுத்துல கொடுங்க. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு பெரிய பெட்டியில போகலாம். நெய், பால்கோவா, பனீர் கூடாது. பால் பொருள், இறைச்சி ரெண்டையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள விட மாட்டாங்க. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான், அதுக்குச் சான்றிதழ் வேணும். அறையில கெட்டில், குக்கர் போட விட மாட்டாங்க, வெந்நீர் எப்பவும் கூடத்துல கிடைக்கும். வியன்னாவுல ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு, தயிர் வாங்கறதுன்னா சனிக்கிழமையே வாங்கிடுங்க.

திரும்பி வர்றப்போ அக்டோபர் மழை தொடங்கியிருக்கும். குன்னூர் மலைப்பாதையில மண் சரிஞ்சா கோத்தகிரி வழியா வரச் சொல்லுங்க. விமான நிலையத்துக்கு டி.என். 43 (நீலகிரிப் பதிவு) வண்டியா வரச் சொன்னா நீலகிரிக்குள்ள நுழைய இ-பாஸ் தொந்தரவும் இருக்காது.