சாட்சி சொல்லச் சொல்றாங்க, எனக்குன்னு கதை இல்லை

நாசரேத்_தம்பி எழுதியது:

அடுத்த மாசம் எங்க சேகரத்துல (பல சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டம்) வாலிபர் கூடுகை. "பிறரை இழுக்கும் வாழ்க்கை"ன்னு தலைப்பு கொடுத்து, என்னைப் பத்து நிமிஷம் சாட்சி, அதாவது கர்த்தர் என் வாழ்க்கையை மாத்தின கதையை, பேசச் சொல்லிட்டாங்க. எனக்கோ சொல்ல ஒண்ணுமில்லை. தாத்தா காலத்துலயிருந்து கோயில் மணிக்கு எழும்புற குடும்பம். குடிச்சதில்லை, வீட்டை விட்டு ஓடினதில்லை. ஓய்வுநாள் பள்ளியில மனப்பாட வசனத்துக்கு வாங்கின எவர்சில்வர் தட்டு ஏழு இருக்கு, அவ்வளவுதான் என் வரலாறு.

கூட்டங்கள்ல கேக்கிற சாட்சியெல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. குடிச்சேன், அடிச்சேன், ஒரு ராத்திரி கூட்டத்துக்குப் போனேன், எல்லாம் மாறிப்போச்சு, இப்ப சொந்த வீடு கட்டியிருக்கேன். பொய்யின்னு சொல்ல வரலை. ஆனா அவர் வீட்டுக்காரம்மாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, அவருக்குக் கடன் கொடுத்தவரோ வந்து "ஆமா, இவர் மாறித்தான் போனார்"னு சொல்லி நான் கேட்டதே இல்லை.

கூட இருந்தவங்க கண்ணால பாத்த மாற்றம் உங்க யாருக்காவது தெரியுமா? அதைப் பாத்து வேற ஆள் நெருங்கி வந்ததுண்டா? உங்க சொந்த அனுபவமா இருந்தா நல்லது.

---

தேரிக்காட்டு_டீச்சர் எழுதியது:

தம்பி, மேடை ஏறாத கதை ஒண்ணு எங்க வீட்டுல கிடக்கு. எங்க அப்பாவோடது. சபைப் போதகர் ஐயர் ரெண்டு தடவை கேட்டும் அவர் கோயில்ல எழும்பி நின்னு இதைச் சொன்னதில்லை. அதனால நான் சொல்றேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

உடன்குடிப் பக்கம் எங்களுக்குக் கருப்பட்டி வியாபாரம். பதநீர் காலம் தொடங்குறதுக்கு முன்னாலயே பனையேறிகளுக்கு முன்பணம் கொடுத்து வச்சிருவோம். வாங்கினவங்க காய்ச்சுற கருப்பட்டி முழுசும் எங்க கடைக்குத்தான் வரணும், நாங்க சொல்றதுதான் விலை. ஆம்பளை விடியறதுக்கு முன்னால மரம் ஏறுவார், சாயங்காலம் மறுபடி ஏறுவார். பொம்பளை விடிலிக்குள்ள (பதநீர் காய்ச்சுற குடிசை) புகையில உக்காந்து காய்ச்சி, சிரட்டையில ஊத்தி எடுப்பா. அதை ஓலைப்பெட்டியில கட்டித் தலையில சுமந்துட்டு வருவாங்க. நிறுவை எங்க தராசுல.

இரும்பு எடைக்கல்லைத் திருப்பிப் பாத்திருக்கீங்களா? அடியில ஒரு குழி, அதுல ஈயம், ஈயத்து மேல சர்க்கார் முத்திரை. விக்கிறவன் கள்ளத்தனம் பண்ணினா ஈயத்தைச் சுரண்டிக் கல்லைக் குறைப்பான். வாங்குறவன் பண்ணினா இன்னும் கொஞ்சம் ஈயத்தை உள்ளே இறக்குவான். எங்க அப்பா வாங்குறவர். எங்க பத்து கிலோ கல்லுல 300 கிராம் கூடுதல்.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது, அப்பா அப்பவே சபைக் கமிட்டியில இருந்தவர். அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, அரிசி மூட்டை எழுதி வைக்கிறவர். ஞாயித்துக்கிழமை முதல் வரிசை. இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு வந்தார்னு சொல்ல முடியாது, வெளிச்சத்துல உக்காந்துக்கிட்டேதான் கல்லைக் கனமாக்கினார்.

1987 லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள். எனக்கு 20 வயசு, பாளையங்கோட்டையில படிச்சிட்டிருந்தேன், லீவுக்கு வந்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஆராதனை முடிஞ்சு வந்தவர் சாப்பிடலை. அங்க என்ன நடந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அம்மா கேட்டதுக்கும் பதில் சொல்லலை. மறுநாள் காலையில எடைக்கல் எல்லாத்தையும் சாக்குல போட்டு, சைக்கிள் கேரியர்ல வச்சுத் தள்ளிக்கிட்டு பஜார் முனையில இருக்கிற கொல்லர் பட்டறைக்குப் போனார். நாலு பேர் டீ குடிச்சுட்டு நிக்கிற இடம். அங்க வச்சே ஈயத்தைக் குடைஞ்சு எடுக்கச் சொன்னார். எடுத்த ஈயத்தை எண்ணெய்த் தாள்ல சுத்திக் கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேல வச்சார். சாகுற வரைக்கும் அது அங்கயேதான் இருந்துச்சு. கல்லை முறைப்படி முத்திரை போட்டு வாங்குற வரைக்கும் கடை திறக்கலை, சீசன் நேரத்துல.

அதோட விட்டிருந்தா அம்மா அழுதிருக்க மாட்டாங்க. பேரேட்டை எடுத்தார். மூணு சீசன் கணக்குதான் முழுசா இருந்துச்சு. 22 குடும்பம். சராசரியா ஒரு குடும்பம் ஒரு சீசனுக்கு 600 கிலோ போட்டிருக்கு. பத்து கிலோவுக்கு 300 கிராம்னா 18 கிலோ திருட்டு. அதை நாலால பெருக்கினார், 72 கிலோ. பைபிள்ல சகேயுங்கிற வரிவசூல்காரன் "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்"னு சொன்ன கணக்கு. மூணு சீசனுக்கு, ஒரு வீட்டுக்கு 216 கிலோ. மொத்தம் நாலே முக்கால் டன்!

அம்மா வாசப்படியில உக்காந்து, "சகேயு பணக்காரன். நீங்க யாரு? ஒண்ணுக்கு ஒண்ணு கொடுத்தாப் போதாதா? வீட்டுல பொம்பளைப் பிள்ளை இருக்கா"ன்னு கேட்டாங்க. அப்பா, "எனக்கு வேற கணக்குத் தெரியலை"ன்னு மட்டும் சொன்னார்.

ரூபாயாத் திருப்பலை, எடையாத் திருப்பினார். நூறு கிலோ கொண்டு வந்தா 112 கிலோன்னு எழுதிக் காசு கொடுப்பார். அப்படி மூணு சீசன். வேற கடைக்கு மாறிப் போனவங்களை வீடு தேடிப் போய், அன்னிக்கு விலைக்குக் கையில கொடுத்தார். கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) வித்தோம். எனக்குன்னு எடுத்து வச்ச 12 சவரனும் போச்சு. உண்மையைச் சொன்னா அந்த மூணு வருஷமும் நான் அப்பாகூடச் சரியாப் பேசலை. ஊரே அவரைப் பரிசுத்தவான்னு சொல்லும்போது நான் மட்டும் என் வெறுங்கழுத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

சரி, யாரு இழுக்கப்பட்டாங்கன்னு கேட்டீங்க. முதல்ல இழுக்கப்படலை, விலகினாங்க. எங்க கல்லைக் குடைஞ்ச சேதி பரவினதும் பனையேறிகள் மத்த கடையிலயும் "கல்லைத் திருப்பிக் காட்டுங்க"ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. எங்க கோயில்லயே ரெண்டு வியாபாரிங்க அப்பாவுக்கு ஸ்தோத்திரம் சொல்றதை நிப்பாட்டினாங்க. கமிட்டித் தேர்தல்ல தோத்தார். ஒரு விடிலிக்கு அப்பாகூட நானும் போயிருந்தேன். அந்த அக்கா பணத்தை வாங்கி எண்ணி முடிஞ்சுக்கிட்டு, "எம்பிள்ளைக்கு மருந்து வாங்கக் காசில்லாத வருஷம் அது. இப்பக் கொண்டாந்து நீட்டுறீரு"ன்னு சொல்லிட்டுப் பதநீர் காயுற தாச்சிப் பக்கம் திரும்பிக்கிட்டா. அப்புறம் அவ எங்க கடைப் பக்கம் வரவே இல்லை. அப்பா திரும்பி வர்ற வழியில தேரிமண்ணுல ரெண்டு தடவை உக்காந்து எழும்பினார்.

நெருங்கி வந்தவர் எங்க கணக்கப்பிள்ளை. அந்தப் பொய்க் கணக்கை எழுதினவரே அவர்தான். சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு வருஷா வருஷம் முன்னால நின்னு வேலை பாக்கிறவர். ரெண்டு வருஷம் ஒண்ணும் பேசாம 112, 112னு எழுதிக்கிட்டே இருந்தார். 1989ல ஒரு நாள் கூட்டல்ல தப்பு விட்டார்னு அப்பா அவரைச் சுமட்டுக்காரங்க முன்னால கண்டபடி ஏசிட்டார். (குணம் மாறினவருக்குக் கோபம் மட்டும் போகலை, அதையும் சொல்லிடுறேன்.) அன்னிக்குச் சாயங்காலம் அப்பா அவர் தெருவுக்குப் போனார். அதுவரைக்கும் எங்க குடும்பத்துல யாரும் அந்தத் தெருவுல கால் வச்சதில்லை. திண்ணையில உக்காந்து, மன்னிப்புக் கேட்டு, அவங்க கொடுத்த தண்ணியைக் குடிச்சிட்டு வந்தார். மறுநாள் சுமட்டுக்காரங்களைக் கூப்பிட்டு நிறுத்தி அவங்க முன்னாலயும் கேட்டார்.

கணக்கப்பிள்ளை மாமா பின்னால எங்கிட்டச் சொன்னது: "தாயி, கல்லை மாத்தினப்ப நான் பெருசா நினைக்கலை. அதிகாரிக்குப் பயந்துகூட மாத்தலாம். எந் திண்ணைக்கு வரச் சொல்லி அவரை யாரு பயமுறுத்தினா?" அதுக்கப்புறம் கோயில்ல கடைசித் தூண் பக்கம் வந்து உக்கார ஆரம்பிச்சார். அஞ்சு வருஷம் அப்படியே உக்காந்திருந்தார். 1994ல ஞானஸ்நானம் எடுத்தார். பேரை மாத்திக்கலை, மாத்தச் சொல்லி எங்க அப்பா கேக்கவுமில்லை.

---

தென்பொதிகை_நாத்திகன் எழுதியது:

டீச்சர், நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு சந்தேகம். உங்க அப்பா பிறவிக் கிறிஸ்தவர், கமிட்டி மெம்பர். கள்ளக்கல் வச்சிருந்தப்பவும் அதே பைபிள்தான் வாசிச்சிருக்கார். அப்போ மாத்தினது விசுவாசமா, இல்லை ஒரு மனுஷனோட மனசாட்சியா? என் மாமா ஒருத்தர் எந்தச் சாமியும் கும்பிடாதவர், அவர் கடைக்கல்லு பிசகினதே இல்லை.

---

தேரிக்காட்டு_டீச்சர் எழுதியது:

உங்க மாமா எங்க அப்பாவை விட நல்லவர், அதுல எனக்கு வாதமே இல்லை. அப்பாவும் ஒத்துக்கிட்டிருப்பார். மனசாட்சின்னு நீங்க சொல்றதை நானும் யோசிச்சிருக்கேன். ஆனா மனசாட்சி உறுத்தியிருந்தா கல்லைச் சத்தமில்லாம மாத்திட்டு, கோயில் உண்டியல்ல ஒரு தொகையைப் போட்டுட்டுப் போயிருப்பார், எத்தனையோ பேர் அப்படிப் போறதைப் பாத்திருக்கோம். பஜார் முனையில போய் நிக்க வச்சது, நாலால பெருக்க வச்சது, அந்த லூக்கா 19ஆம் அதிகாரம்தான். அவரோட பைபிள்ல அந்தப் பக்கம் மட்டும் எண்ணெய் ஏறிக் கண்ணாடி மாதிரி ஆயிருக்கு. அதுக்கு மேல என்னால நிரூபிக்க முடியாது.

---

சிவகங்கைப்பூங்கா எழுதியது:

டீச்சர் சொன்னதைப் படிச்சதும் எங்க தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஞாபகம் வந்துட்டார். தம்பி சொந்த அனுபவம் கேட்டிருக்கார், மன்னிக்கணும். ஆனா இதுவும் நெல்லும் எடையும் சம்பந்தப்பட்டதுதான்.

ஜெர்மனிக்காரர். 1750ல தரங்கம்பாடிக்கு வந்தவர், 1798ல தஞ்சாவூர்ல கண்ணை மூடுற வரைக்கும் ஊர் திரும்பவே இல்லை. ஹைதர் அலி படையெடுத்து வந்த சமயம், தஞ்சைக் கோட்டைக்குள்ள சனங்க பட்டினி. வெளியில நெல் இருக்கு, கொண்டு வரத்தான் ஆளில்லை. முன்னால மாட்டையும் நெல்லையும் பிடுங்கிக்கிட்டு அரண்மனை காசு கொடுக்கலை, அதனால குடியானவங்க யாரும் நம்பத் தயாரில்லை. கடைசியில சுவார்ட்ஸ் தன் பேர்ல கடிதம் எழுதி, "நானே என் கையால கொடுக்கிறேன்"னு வாக்குக் கொடுத்தார். ரெண்டு மூணு நாள்ல ஆயிரம் மாட்டுக்கு மேல வந்து நின்னுச்சு, எண்பதாயிரம் கலம் (பழைய தானிய அளவு) நெல் உள்ளே வந்துச்சு. அந்தக் குடியானவங்க அவருடைய மதத்துல சேர்ந்தவங்க இல்லை. அவர் வார்த்தையை மட்டும் நம்பினாங்க. அதுக்கு முன்னால, 1779ல, இங்கிலீஷ் கும்பெனிக்காரங்க தூது அனுப்பினப்ப, எதிரியா இருந்த ஹைதரே "அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்க, அவர் என்னை ஏமாத்த மாட்டார்"ங்கிற அர்த்தத்துல கேட்டு வாங்கினார்னு எல்லா வரலாற்றுலயும் இருக்கு.

சரபோஜி மகாராஜா அவர் பார்வையில வளர்ந்த பிள்ளை. கடைசி வரைக்கும் கிறிஸ்தவர் ஆகலை. ஆனா லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேன்கிட்ட பளிங்குல நினைவுச்சின்னம் செய்யச் சொல்லி வரவழைச்சார். சிவகங்கைக் குளத்துப் பக்கம் சுவார்ட்ஸ் கட்டின கோயில்ல இருக்கு. சாகக் கிடக்கிற பெரியவர் கட்டிலோரம் ராஜா நிக்கிற மாதிரி. இதை "இழுத்தது"ன்னு உங்க கூடுகையில எண்ணுவாங்களான்னு தெரியலை, தம்பி. நான் எண்ணுவேன்.

---

நாசரேத்_தம்பி எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. டீச்சர் அம்மா, பேர், ஊர் சொல்லாம அப்பா கதையை நான் கூடுகையில சொல்லலாமா? இன்னொண்ணு, அந்தப் பேரேடு இப்பவும் இருக்கா?

---

தேரிக்காட்டு_டீச்சர் எழுதியது:

சொல்லுங்க. ஆனா அந்த விடிலி அக்காவை விட்டுடாம சொல்லுங்க. அவளை விட்டுட்டா அதுவும் ஒரே அச்சுக் கதையா ஆயிடும்.

பேரேடு என் கூடப்பிறந்த தம்பிகிட்ட இருக்கு. கொடுத்து முடிச்ச பேரையெல்லாம் அப்பா சிவப்பு மையில வெட்டியிருப்பார். 2009ல அவர் போனப்ப மூணு பேர் வெட்டாம இருந்துச்சு. பிழைப்புத் தேடிக் கேரளா பக்கம் போன குடும்பங்க. ஒண்ணை மறுவருஷமே கண்டுபிடிச்சுக் கொடுத்தாச்சு. ரெண்டாவது குடும்பத்துப் பேரன் சென்னையில கூரியர் கம்பெனியில வேலை பாக்கிறான்னு மூணு வருஷம் முன்னால தெரிஞ்சுது. தம்பி போன் பண்ணி, "உங்க தாத்தாவுக்கு எங்க அப்பா 216 கிலோ கருப்பட்டி தரணும், இன்னிக்கு விலைக்குப் பணமா அனுப்புறோம்"னு சொன்னான். அந்தப் பையன், "அடுத்து ஓடிபி கேப்பீங்க, அதானே?"ன்னு போனை வச்சிட்டான். நம்பரையும் பிளாக் பண்ணிட்டான். அப்புறம் தம்பி பேரேட்டைத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறி நேர்லயே போக வேண்டியதாச்சு.

மூணாவது பேர் இன்னும் வெட்டலை. புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் எடுக்கப் போனாங்கன்னு மட்டும் கேள்வி. அந்தப் பக்கம் தேரிக்காட்டுலயிருந்து போய்க் குடியேறின பனையேறிக் குடும்பம் யாருக்காவது தெரிஞ்சா எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்க.