அழிந்துபோன விலங்கு உண்மையிலேயே மறுபடி பிறந்ததா?

குற்றாலச் சாரல்:
ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் வெள்ளை ஓநாய்க்குட்டிகளின் படத்தைக் காட்டி, "பத்தாயிரம் வருடத்துக்கு முன் செத்த இனம் அப்பா, மறுபடி பிறந்துவிட்டது" என்கிறாள். அடுத்து டோடோ பறவை எப்போது என்று நச்சரிப்பு வேறு. அவளிடம் என்ன சொல்ல?

ஆந்தை:
2025 ஏப்ரலில் கொலோசல் என்ற மரபணுத் தொழில்நுட்ப நிறுவனம், அழிந்துபோன 'டயர் ஓநாய்' என்று சொல்லிக் காட்டிய குட்டிகள்தானே? சாம்பல் ஓநாயின் உயிரணுவை எடுத்து, 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்து, நாயின் வயிற்றில் வளர்த்தார்கள். வேடம் கட்டிய சாம்பல் ஓநாய் என்பேன்.

ஆட்டு டாக்டர்:
உண்மையாகவே ஒருமுறை நடந்தது, சில நிமிடங்களுக்கு மட்டும். ஸ்பெயினின் பிரனீஸ் மலையில் புக்கார்டோ என்றொரு காட்டாடு, ஐபெக்ஸ் என்ற மலையாட்டில் ஒரு வகை. கடைசியாக எஞ்சிய பெட்டைக்குச் செலியா என்று பெயர். 1999இல் அதைப் பிடித்து, காதில் துளி தோல் எடுத்துத் திரவ நைட்ரஜனில் போட்டுவைத்தார்கள். 2000 ஜனவரியில் மரம் விழுந்து செத்துக் கிடந்தது.

அந்தத் தோலின் உயிரணுவை, உட்கரு நீக்கிய வெள்ளாட்டு முட்டையோடு சேர்த்துக் கருவாக்கினார்கள். 57 ஆடுகளில் வைத்ததில் ஏழுக்குத்தான் சினை பிடித்தது, ஆறு கலைந்தன. மிஞ்சிய ஒன்றின் வயிற்றைக் கிழித்து, 2003 ஜூலை 30 அன்று குட்டியை எடுத்தார்கள். கண் திறந்தது, நாக்கும் காலும் அசைந்தன, மூச்சு மட்டும் பிடிபடவில்லை.

நானும் மூச்சில்லாத குட்டிகளை எடுத்திருக்கிறேன். மூக்குச் சளியை வழித்துவிட்டு, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, விலாவை வைக்கோலால் பரபரவென்று தேய்த்தால் சட்டென்று ஒரு தும்மல் வரும். அந்தத் தும்மலுக்காகத்தான் இந்த வேலையே. அங்கே தேய்த்துப் பயனில்லை. நுரையீரலில் கூடுதலாக ஒரு மடல், ஈரல் மாதிரி கெட்டியாக. காற்று எங்கே போகும்?

குற்றாலச் சாரல்:
இப்போது முயன்றால் பிழைக்காதா, டாக்டர்?

ஆட்டு டாக்டர்:
பிழைக்கலாம். ஆனால் செலியாவின் தோலிலிருந்து எத்தனை குட்டி எடுத்தாலும் அத்தனையும் பெட்டைதான். கிடாவுக்கு எங்கே போவது? வேறு ஐபெக்ஸ் கிடாவோடு சேர்த்தால் பிறப்பது பாதி புக்கார்டோ.

2014 முதல் அதே பிரனீஸ் மலையின் பிரெஞ்சுப் பக்கத்தில், புக்கார்டோவின் நெருங்கிய உறவான ஸ்பானிய ஐபெக்ஸ் ஆடுகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஆய்வகமும் இல்லை, கத்தியும் இல்லை; பாறை இடுக்கில் தாமாகவே குட்டி போடுகின்றன. மகளுக்கு அந்தப் படங்களைத் தேடிக் காட்டுங்கள்.