சங்ககிரி – பெருந்துறை சொந்தங்கள்

சரசு அத்தை: கவிதா கண்ணு, மாமாவுக்குக் காலையில் எழுந்தால் வாயைத் திறக்கவே முடியவில்லை. காதுக்கு முன்னால் வலிக்கிறதாம், தோசையைக்கூட மெல்ல முடியவில்லை. காது டாக்டரிடம் காட்டட்டுமா அம்மணி?

கவிதா: அது காது இல்லைங்க அத்தை, தாடை மூட்டு மாதிரி தெரிகிறது. மாமா, தூக்கத்தில் மூச்சு அடைக்காமல் இருக்கக் காற்றைச் செலுத்துகிற மாஸ்க் மெஷினைப் போடுறீங்கதானே?

துரை மாமா: இல்லை சாமி. மூக்கு வறண்டு போகிறது என்று அதை ஓரம் வைத்துவிட்டேன். ஆன்லைனில் குறட்டைக்கு ஒன்று விற்கிறான். வெந்நீரில் போட்டு, கடித்து அச்சு எடுத்துப் பல்லில் மாட்டுவது. குறட்டை குறைந்துவிட்டது என்று உங்க அத்தையே சொன்னாள்.

கவிதா: இன்றைக்கு ராத்திரி அதைப் போடாதீங்க மாமா. அது கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும். நாக்கும் கூடவே முன்னால் வரும், தொண்டையில் மூச்சு போகிற வழி திறக்கும். அதனால்தான் குறட்டை குறைகிறது. ஆனால் ராத்திரி முழுக்க அந்த இழுவையைத் தாங்குவது காதுக்கு முன்னால் இருக்கிற மூட்டும் அதைச் சுற்றியுள்ள தசையும்தான்.

செந்தில்: அப்போ அந்தக் கருவியே தப்பா? பல் டாக்டர்களும் கொடுக்கிறார்களே?

கவிதா: கருவி நல்லதுதான் செந்தில். மெஷின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நாங்களும் செய்து தருகிறோம். ஆனால் முதலில் மூட்டைப் பரிசோதிப்போம். தாடை எவ்வளவு முன்னால் நகர்கிறது, திறக்கும்போது சத்தம் வருகிறதா, வாய் எவ்வளவு திறக்கிறது, எல்லாம் பார்ப்போம். ஏற்கெனவே வலி இருந்தால் அதைக் குறைத்துவிட்டுத்தான் கருவி. அப்புறம் அவரவர் பல் அளவுக்குச் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக மில்லிமீட்டர் கணக்கில் முன்னால் நகர்த்துவோம். முதல் சில வாரம் லேசான வலி வரலாம், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். வருஷக்கணக்கில் போட்டால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேருகிற விதம் மாறலாம், அதனால்தான் அவ்வப்போது வந்து காட்டச் சொல்கிறோம்.

சரசு அத்தை: ராத்திரி பல்லையும் நறநறவென்று கடிக்கிறார் கண்ணு.

கவிதா: அதையும் பார்க்கணும் அத்தை. தூக்கத்தில் வருகிற மூச்சு அடைப்புக்கும் தாடை வலிக்கும் தொடர்பு இருக்கிறது. அடைப்பு அறிகுறி அதிகம் உள்ளவர்களுக்குத் தாடை மூட்டு வலி புதிதாக வருவதும் கூடுதல் என்று ஒப்பெரா என்ற அமெரிக்க ஆய்வில் 2013-இல் எழுதினார்கள். மாமா, தூக்கத்தில் மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஒரு எண் இருக்குமே, அது என்ன?

துரை மாமா: 34 என்று போட்டிருக்கிறது.

கவிதா: மணிக்கு 30-ஐத் தாண்டினாலே கடுமையானது மாமா. உங்களுக்கு மெஷின்தான் முதல் வைத்தியம். லாரி ஓட்டுகிறவர் நீங்க, ராத்திரி தூக்கம் கெட்டால் ரோட்டில் கண் சொக்கும். எனக்கு அதுதான் பயம். மூக்கு வறண்டால் மெஷினிலேயே ஈரப்பதம் கூட்டலாம், மாஸ்க்கையும் மாற்றலாம். இப்போது மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் போகிறதா பாருங்க.

துரை மாமா: இரண்டுதான் போகிறது. வலிக்கிறது.

கவிதா: சரி, விட்டுடுங்க. தாடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்க, முறுக்கு, கறி வேண்டாம். அரிசிம்பருப்பைக் குழைய வைத்துக் கொடுங்க அத்தை. நாளைக்கே ரிப்போர்ட்டும் அந்தக் கருவியும் எடுத்துக்கொண்டு வாங்க. வண்டியை நீங்க எடுக்க வேண்டாம்.

செந்தில்: நாளைக்கு லோடை நான் பார்த்துக்கொள்கிறேன் மாமா.

துரை மாமா: சரி சாமி. மெஷினையும் கொண்டு வரட்டுமா?

கவிதா: கொண்டு வாங்க மாமா, மாஸ்க் பட்டி எப்படி மாட்டுறீங்க என்று பார்த்துவிடலாம்.