புதுப்பிப்பு: தள்ளுபடி ஆப்களும் என் மருந்துக்கடையும்

மருந்து விற்கும் ஆப்களில் 20 சதவீதம் தள்ளுபடி, மாதாமாதம் சுகர், பிரஷர் மாத்திரை வாங்குபவர்கள் நழுவுகிறார்கள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். "நீங்களும் குறையுங்கள்" என்றார்கள் பலர். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்குச் சில்லறை மார்ஜினே 16 சதவீதம்தான், எங்கே போய்க் குறைப்பது?

பதிலாக, கூட்டமில்லாத மதிய நேரத்தில் "வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் கொண்டு வாங்க" என்று ஆரம்பித்தேன். ஒரு அம்மா கொட்டிய பையில் இரண்டு டாக்டர்கள் எழுதிய இரண்டு பிராண்ட். உள்ளே இரண்டுமே சுகருக்கான அதே மெட்ஃபார்மின் 500! இரண்டையும் சாப்பிட்டு வந்திருக்கிறார். டாக்டருக்கே போன் போட்டேன், ஒன்றை நிறுத்தச் சொன்னார். அப்புறம் அந்த அம்மா தெருவையே கூட்டி வந்துவிட்டார்.

ஸ்டிரிப்பில் காலைக்கு மஞ்சள், இரவுக்கு நீல ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன். வெட்டிக் கொடுப்பதில்லை, காலாவதித் தேதி போய்விடும். வாட்ஸ்அப் நினைவூட்டல் சுமார்தான், பாதிப் பேர் பார்ப்பதே இல்லை.

முதல்வர் மருந்தகம் (குறைந்த விலையில் மருந்து விற்கும் தமிழக அரசுத் திட்டக் கடை) பற்றிக் கேட்ட தம்பிக்கு: டி.பார்ம் அல்லது பி.பார்ம் என்ற மருந்தாளுநர் படிப்பு வேண்டும், இல்லையென்றால் அதைப் படித்தவரின் ஒப்புதல் வேண்டும். தொழில்முனைவோருக்கு மானியம் 3 லட்சம், அதில் பாதி மருந்தாக வரும். கடை வாடகையைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.