புதுப்பிப்பு: பின்விளக்கை மாற்றிவிட்டேன்

என் பழைய மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு இரவில் மங்கலாகத் தெரிகிறது, எல்இடி பல்பு போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அதே ஹோல்டரில் பொருந்தும் எல்இடியை இப்போது போட்டுவிட்டேன். பழைய 12 வோல்ட் பல்பில் பின்விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட் என இரண்டு இழைகள் இருந்ததால், புதியதிலும் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். எப்போதும் ஒரே பிரகாசத்தில் எரியும் விளக்கு, நாம் பிரேக் பிடிப்பதைப் பின்னால் வருபவருக்குச் சொல்லாது.

சிவப்பு மூடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடியே நன்றாக ஒளிர்ந்தது. ஆனால் விளக்கின் அடியிலுள்ள நிறமற்ற பகுதி வழியாகத்தான் எண் பலகைக்கு வெளிச்சம் விழுகிறது என்பதை நான் கவனிக்காததால், பலகை முழுவதும் சிவந்துவிட்டது. எண் பலகை வெள்ளை ஒளியில்தான் தெரிய வேண்டும் என்பதால், பின்விளக்கு ஒயரிலிருந்தே சிறிய வெள்ளை விளக்கு ஒன்றைத் தனியாக இணைத்தேன்.

இழை பல்பு முழு ஒளியை எட்ட ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். எல்இடி உடனே எரிகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பின்னால் வரும் வண்டி அந்த நேரத்தில் 3 மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும் என்பதால், பிரகாசத்தைவிட இதையே பெரிய பயனாகக் கருதுகிறேன்.